மணியம் அண்ணனின் தொண்டையும் என் வாயும்

நான் திருச்சியில் நோய்க்குறியியல் மருத்துவர். அறுவை செய்து எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்து, இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களில் கணக்கு வழக்கில்லாமல் தொண்டைகளைப் பார்த்தாயிற்று. அந்தத் தொண்டைகளின் சொந்தக்காரர் ஒருவரோடும் உட்கார்ந்து பேசியதில்லை. அறிக்கை அறுவை மருத்துவருக்குப் போகும், அவர் நோயாளியிடம் பக்குவமாகச் சொல்வார். இது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்பதைப் பினாங்கில் இறங்கிய அன்றே தெரிந்துகொண்டேன்.

ஜார்ஜ் டவுனில் இரண்டு நாள் கருத்தரங்கு. மூச்சுப் பாதையில் வரும் கட்டிகளில் எச்.பி.வி. வைரஸின் பங்கு என்ன என்பதைப் பற்றி என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை கிடைத்தால் நான் விடுவேனா? "அங்கேயாவது நேரத்துக்கு முடி" என்று சொல்லித்தான் என் கணவர் வழியனுப்பினார்.

வியாழக்கிழமை மத்தியானம் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போன ஓட்டுநர் தமிழர். "அக்கா இந்தியாவா? மொத தடவையா? அப்ப மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் ஊரப் பாக்கலாம் லா" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை தொடர்ச்சியாக ஓடுகிறது, அஞ்சடி என்கிறார்கள். மழைக்கும் வெயிலுக்கும் எவ்வளவு வசதி என்று வியந்துகொண்டே நடந்தால், பத்தடிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே நிற்கிறது. திருச்சியை விட்டு வந்த குறையே தெரியவில்லை.

சாயங்காலம் ஃபெரி பிடித்து அக்கரைக்குப் போனேன். பட்டர்வொர்த் துறையில் மணியம் அண்ணன் காத்திருந்தார். என் தாத்தாவின் அண்ணன் அந்தக் காலத்தில் இங்கே வந்து தங்கிவிட்டவர். அவருடைய பேரன் இவர். ஜுருவில் பழைய கார் விற்கிறார். வயது ஐம்பத்து மூன்று. தொலைபேசியில் எப்போதும் கரகரவென்றுதான் பேசுவார், விற்பனைக்காரர் கத்திக் கத்திப் பேசுவதால் வந்தது என்று நான் நினைத்திருந்தேன். நேரில் கேட்டபோதுதான் உறைத்தது. பேச்சு வெறும் காற்றாக வந்தது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பலகாரப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்ததும் மூச்சு விசில் அடித்தது.

பாகான் டாலாமில் அவர்கள் வீடு. அண்ணி தேவி பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். "நானும் ஒங்கள மாதிரிதான் சுகந்தி. நாளு பூரா மைக்ரோஸ்கோப்புதான். நீங்க சதையப் பாக்கிறீங்க, நான் சில்லப் பாக்கிறேன்" என்றார். கண் எரிச்சல், கழுத்து வலி என்று பத்தே நிமிடத்தில் இருவரும் ஒட்டிக்கொண்டோம். நண்டுப் பிரட்டல், ரசம், பொரித்த பாகற்காய் என்று மேசை நிறைந்திருந்தது. மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள், வீட்டில் இவர்கள் இருவர்தான்.

சாப்பாட்டுக்கு நடுவில் அண்ணி ஆஸ்பத்திரிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"ரெண்டு மாசத்துக்கு முன்ன இவரு தொண்டையில கட்டி எடுத்தாங்க. கேன்சர் இல்லன்னு டாக்டரு சொன்னாரு, அதோட எங்க காது அடச்சிப் போச்சு. இப்ப திரும்ப வளந்திருச்சு. திங்கக்கெழம ரெண்டாவது ஆபரேசன். இதுல என்னா எழுதியிருக்குன்னு நீங்க ஒரு தடவ படிச்சுச் சொல்லுங்களேன்."

அறிக்கை நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தது. நான் என் உதவியாளரிடம் சொல்வதுபோலவே சொன்னேன். "குரல் நாண்ல பாப்பிலோமா. மரு மாதிரிதான், கேன்சர் இல்ல. எச்.பி.வி., ஆறு, பதினொன்னு வகை. எல்லாம் பொருந்தி வருது."

"எச்.பி.வி.யா?" அண்ணி நிமிர்ந்தார். "மக பதிமூனு வயசுல, பாரம் ஒன்னு படிக்கிறப்ப பள்ளிக்கூடத்துல ஊசி போட்டாங்களே, கர்ப்பப்பை வாய்க் கேன்சருக்கு. அதுவா?"

"அதே குடும்பந்தான். அதுல நிறைய வகை."

"அது எப்படி இவரு தொண்டைக்கு வந்துச்சு?"

நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னேன். "பெரியவங்களுக்கு வந்தா பெரும்பாலும் உடலுறவு வழியாத்தான்." அதோடு நிற்காமல், பிரட்டலில் சோம்பு தூக்கலாக இருப்பது பிரமாதம் என்றும் சொன்னேன். அண்ணி அறிக்கையை மூடிவைத்தார். எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டார். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டையும் களைப்பு என்று எடுத்துக்கொண்டு, வயிறு நிறைந்து, ஃபெரியில் பாட்டு முணுமுணுத்தபடி விடுதிக்குத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை என் பேச்சு. நன்றாகவே பேசினேன், அடக்கமாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அடிநாக்கிலும் தொண்டைச் சதையிலும் வரும் புற்றுநோய்களில் பலவற்றுக்கு இந்த வைரஸின் பதினாறாம் வகைதான் காரணம், அதில் சண்டை இல்லை. குரல் நாண் மருக்களுக்கு ஆறும் பதினொன்றும், அதிலும் சண்டை இல்லை. நுரையீரலுக்கு வந்தால்தான் அடிதடி. கட்டியில் வைரஸின் தடயம் கிடைத்தது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள், தேடித் தேடி எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று மறு சாரார் எழுதுகிறார்கள். பரிசோதனை மேசையிலேயே ஒட்டிக்கொண்டு வந்த தடயமோ என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. ஒரு மலாய் இளம் மருத்துவர் எழுந்து, வைரஸ் அங்கே இருக்கிறது என்றால் அதுதானே காரணம் என்று கேட்டார்.

"திருட்டுப் போன வீட்டில் இருந்தவரெல்லாம் திருடரா?" என்று கேட்டேன். அரங்கம் சிரித்தது. இந்த வைரஸ் பிறக்கும்போதே தாயிடமிருந்து வரலாம், எப்போதோ வந்து பல வருடம் சத்தமில்லாமல் உடம்பில் கிடந்து பிறகு விழிக்கலாம், எப்போது யாரிடமிருந்து வந்தது என்பதை எந்த நுண்ணோக்கியும் காட்டாது என்று முடித்தேன். நல்ல கைதட்டல். நேரத்துக்கும் முடித்தேன்.

அந்தக் குஷியில் சாயங்காலம் தெருவோரக் கடை ஒன்றில் சார் குவே தியாவ் வாங்கப் போனேன். தட்டை அரிசிச் சேவையை இறாலோடு பெருந்தீயில் வதக்கித் தருவது. அடுப்படியில் நின்ற சீன அம்மாள் என்னைப் பார்த்து ஹொக்கியன் சீனத்தில் ஏதோ அதட்டினார். வரிசையில் நின்றவர் மொழிபெயர்த்தார். "தட்டைத் தட்டாதே, நீ தட்டினால் என் நெருப்பு வேகமாக எரியுமா என்கிறார்." நான் தட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். காத்திருப்புக்கு வஞ்சனையில்லாத ருசி.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. எடுத்தால் புஸ் புஸ் என்று காற்று. "சிக்னல் சரியில்ல" என்று துண்டித்தேன். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தேன். மூன்றாம் தடவை குறுஞ்செய்தி வந்தது. "தங்கச்சி, அது சிக்னல் இல்ல. என் குரல்தான். நாளைக்குப் பார்க்கணும்." மன்னிப்புக் கேட்டு, வருகிறேன் என்று பதில் எழுதினேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு நாசி கண்டார் கடையில் சந்தித்தோம். சோற்றின் மேல் நாலைந்து குழம்பை ஒன்றாக ஊற்றித் தரும் கடை. அண்ணன் சோற்றைத் தொடவே இல்லை. தே தாரே என்கிற ஆற்றிய பால் டீயை ஆறவைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"அன்னிக்கே தேவி என் பாஸ்போர்ட்ட எடுத்து முத்திரைய எண்ணுனா தங்கச்சி. ஹாட்யாய்க்கு எத்தன தடவ போனீங்க, எப்ப எப்ப போனீங்கன்னு கேட்டா. நேத்துக் காலையில நிபோங் திபால்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

ஹாட்யாய் எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில் இருக்கும் ஊர். ஆண்கள் கூட்டமாக அங்கே போய்வந்தால் இங்கே மனைவிமார் என்ன நினைப்பார்கள் என்பதை அவர் விளக்கவில்லை. விளக்காமலே புரிந்தது.

"போனீங்களா அண்ணே?"

"போனேன். கார் விக்கிற கூட்டாளிங்களோட. சாப்பிட, சாமான் வாங்க." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். "அவ வராம நான் ஆபரேசனுக்குப் போவ மாட்டேன். சொல்லிட்டேன்."

கடையிலிருந்து வண்டி வரைக்கும் இருபதடி இருக்கும். அதற்குள் இரண்டு தடவை நின்றார். அந்த விசில் சத்தத்தின் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். கட்டி மூச்சுப் பாதையை அடைத்துக்கொண்டு வருகிறது. தள்ளிப்போட்டால் ஒரு நாள் திடீரென்று மூச்சே நின்றுபோகலாம். நூறு மருத்துவர்களுக்கு முன்னால் நிதானமாகச் சொல்லத் தெரிந்ததை, அவர் மனைவியிடம் பாதியோடு நிறுத்திவிட்டு நண்டைப் புகழ்ந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பார்க்கப் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினேன். ரயில் படு சுத்தம், குளிர்சாதனம், நேரத்துக்குக் கிளம்பியது. அது வடக்கே எல்லைக்குப் போகிற ரயில், நான் போக வேண்டியது தெற்கே. பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண், மடியில் கூடை நிறைய ரம்புத்தான் பழம். எங்கே போகிறாய் என்று கேட்டார். நிபோங் திபால் என்றதும் பதறி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தாய்லாந்துப் பக்கம் போகிற வண்டியில் ஏறிவிட்டாய். புக்கிட் மெர்த்தாஜாமில் இறங்கு, தூங்கிவிடாதே" என்றார். வழிச் செலவுக்கு நான்கு ரம்புத்தானும் கொடுத்தார். ஹாட்யாய் வழக்கைத் தீர்க்கக் கிளம்பிய நானே ஹாட்யாய்ப் பக்கம் போகப் பார்த்தேன் என்பதை அண்ணியிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். இறங்கி, முக்கால் மணி நேரம் காத்திருந்து, சரியான வண்டியில் ஏறினேன்.

நிபோங் திபாலில் அண்ணியின் அக்கா வீடு எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. அக்கா தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தேவி அண்ணி என்னை உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"சோறு போட்டேன். நண்டு ஆக்கிப் போட்டேன்" என்றார். "நீங்க என் குடும்பத்த நடு மேசையில வச்சு ஒடச்சிட்டு, நண்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

"ஆமாம் அண்ணி" என்றேன்.

அவர் ஒரு பெரிய தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். நடுவில் ஒரு கோடு, அதிலிருந்து மீன் முள் போலக் கிளைகள். தொழிற்சாலையில் ஒரு பொருள் பழுதானால் காரணம் தேட இப்படித்தான் வரைவார்களாம். கிளைகளில் தேதிகள். அண்ணனுக்குக் குரல் கரகரத்த மாதம், முதலில் மூச்சு வாங்கிய நாள், பாஸ்போர்ட் முத்திரைகள். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஹாட்யாய் என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். கையெழுத்து அச்சுப்போல இருந்தது. கோடு போட்ட இடத்தில் எல்லாம் பேனா தாளைக் கீறியிருந்தது.

"எங்க ஃபேக்டரில ஒரு பீஸ் கெட்டுப்போச்சுன்னா எந்த மெசினு, எந்த ஷிப்ட்டு, யாரு கையின்னு தேடிப் புடிச்சிருவோம் சுகந்தி. புடிக்காம விட மாட்டோம். எனக்கு இது அப்படியே வந்து நிக்குது."

"இதுல அது நடக்காது அண்ணி. சில்லுல மெசின் நம்பர் இருக்கும். இதுல ஒன்னும் இல்ல. வைரஸ் செஞ்ச வேலைதான் மைக்ரோஸ்கோப்புல தெரியும். வந்த தேதி தெரியாது, யார்கிட்டேருந்து வந்துச்சுன்னும் தெரியாது. அண்ணன் பொறக்கும்போதே அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடி வந்திருக்கலாம். அம்பது வருசம் பேசாம கெடந்துட்டு இப்ப எந்திரிச்சிருக்கலாம். என் உடம்புக்குள்ளயே வந்துட்டுப் போயிருக்கும். பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான், வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

"எனக்கும் இருக்குமா?"

"வந்து போயிருக்கலாம். உங்ககிட்டேருந்து அவருக்கு வந்துச்சுன்னு யாராவது சொன்னாகூட, இல்லன்னு நிரூபிக்க முடியாது."

அண்ணி என்னைக் கண் இமைக்காமல் பார்த்தார். நுண்ணோக்கியில் பழகிய கண்.

"அப்ப அவரு தப்புப் பண்ணலன்னு ஒங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது அண்ணி."

"பண்ணுனாருன்னு?"

"அதுவும் முடியாது."

"அப்ப எதுக்கு ரயிலேறி வந்தீங்க?"

"அன்னிக்குப் பாதிதான் சொன்னேன். மீதியச் சொல்லாம விட்டுட்டேன். அதுக்குத்தான் வந்தேன்."

என் தொழிலில் தெரியாது என்று எழுத எனக்குப் பிடிக்காது. இன்னும் ஆழமாகச் சீவு, வேறு சாயம் போடு என்று உதவியாளரை விரட்டுவேன். அன்றைக்கு அந்த வீட்டில் நான் சொன்னதில் உருப்படியானது தெரியாது என்பது ஒன்றுதான். அண்ணனின் மூச்சைப் பற்றியும் சொன்னேன். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை மழுப்பாமல், மெதுவாக, ஒரு மருத்துவர் சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னேன். அண்ணி வராமல் ஆபரேசனுக்குப் போக மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதையும் சொன்னேன்.

அண்ணி தாளை நாலாக மடித்தார். "டீ ஆறுது, குடிங்க" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பும்போது ரயிலுக்கு வெளியே வழி முழுக்கத் தோட்டமும் தகரக் கூரையுமாகக் கடந்தது. எனக்கு ஒன்றும் மனதில் பதியவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை, என்னைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு விமானம். காலையில் பெட்டியோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனை வற்புறுத்தி வரவழைத்தது நான்தான், வந்து வார்டில் உட்கார்ந்தால் போதும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று பொய்யும் மெய்யுமாகச் சொல்லி. பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாரே தவிர, படுக்க மறுத்தார். தாதி மலாயில் கெஞ்சினாள், பிறகு அதட்டினாள். இன்னும் பத்து நிமிடம், அதற்குள் இவர் படுக்கவில்லை என்றால் அடுத்தவரைக் கூப்பிடுவார்களாம், இவருக்கு வேறு தேதிதான். அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விசில் அடித்தது. பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

தேவி அண்ணி தொழிற்சாலையின் நீலச் சட்டையோடு வந்தார். அரைநாள் விடுப்பாம். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தாதியிடம் கை காட்டித் தள்ளுகட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். அண்ணனின் அங்கி முடிச்சு பின்னால் அவிழ்ந்திருந்தது. அதை இழுத்துக் கட்டினார்.

அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. படுக்கும்போது அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காற்றுக் குரலில் ஆரம்பித்தார். "தேவி, ஹாட்யாய்ல நான்..."

அண்ணி அவர் வாயைக் கையால் மூடினார்.

"இப்ப வேணாங்க. கொரலு நல்லா வரட்டும், அப்புறம் கேக்கிறேன். நீங்க சொல்லித்தான் ஆவணும். இருவத்தாறு வருசமா ஒங்க கொரல வச்சுத்தான் நெசமா பொய்யான்னு கண்டுபுடிக்கிறேன். இந்தக் காத்துல எனக்கு ஒன்னும் தெரிய மாட்டேங்குது."

அண்ணன் தலையாட்டினார். கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணி கதவு வரைக்கும் கூடவே நடந்தார்.